மாடி வாடகைக்கு என்ன சட்டம்?

பனியன் ஆர்டர் கொடுக்க வரும் வெளியூர்க்காரர்களுக்கு மாடி அறையை நாள் வாடகைக்கு விடலாமென்று தரணீதரன் நினைத்தார். எதையும் முறைப்படி செய்கிறவர் என்பதால், அதற்கான விதி என்னவென்று முதலில் கேட்கப் போனார்.

ஓர் அலுவலகத்தில் கேட்டால் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டினார்கள். அங்கே இருந்தவர், "அது அவுங்க வேலைதானுங்களே" என்று திருப்பி அனுப்பினார். தரணீதரன் சளைக்கவில்லை. இரண்டு இடத்துக்கும் மாறிமாறி நடந்து, அவரவர் சொன்னதையெல்லாம் மனப்பாடமாக்கிக்கொண்டார்.

கடைசியில் அலுவலக ஊழியருக்கே அலுத்துவிட்டது. இதே சந்தேகத்தோடு வந்த வேறொருவரிடம், "எங்களுக்குத் தெரியாதுங்க. தரணீதரன்னு ஒருத்தர் இருக்காருங்க, அவரைக் கேளுங்க" என்றார்.

அதிலிருந்து தரணீதரன் வீட்டில் ஆள் வரத்து ஓயவில்லை. திருப்பூரில் வீடு வாங்கிப் போட்டிருந்த காங்கேயத்துத் தம்பதி பேசப்பேச இருட்டிவிட்டதால், மாடி அறையிலேயே படுத்து எழுந்து, காலையில் தோசையும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

"ஏனுங்க, இவுங்ககிட்டயாவது வாடகை கேட்டிருக்கலாமல்லங்க?" என்றாள் அவர் மனைவி மோனிஷா.

தரணீதரன் பதறிப்போனார். "அதெப்படி மோனிஷா கேக்கறது? விதி என்னன்னு இன்னும் தெரியலியே!"