உட்காராத மாப்பிள்ளை

செஞ்சியில் பெண் பார்க்கப் போன வீட்டில் இளவழகன் உட்காரவேயில்லை. நாற்காலி போட்டார்கள். "இருக்கட்டும்" என்று சுவரில் சாய்ந்து நின்றுகொண்டான். பெண்ணின் அம்மா மீனம்பாளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"பெரியவங்க முன்னாடி உக்காரக்கூட மாட்டேன்றாரு" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் கிசுகிசுத்தாள்.

விஷயம் மரியாதை இல்லை. இளவழகன் வல்லத்துப் பள்ளியில் பி.டி. வாத்தியார். போன வருஷம் கபடியில் போனஸ் கோட்டைத் தொடக் காலை நீட்டினபோது, பின்தொடைத் தசை இடுப்பெலும்போடு சேரும் இடத்தில் தசைநார் பாதி கிழிந்துவிட்டது. நடந்தால் பரவாயில்லை. உட்கார்ந்தால்தான் ஆணி மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். எண்ணெய்க் கட்டு, ஊசி, பிசியோதெரபி எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் புதுச்சேரி டாக்டர், "ஆபரேஷன் பண்ணி நாரை எலும்போட சேர்த்துடலாம். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். யோசித்துக்கொண்டே அவன் ஆறேழு மாதம் ஓட்டிவிட்டான்.

பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாகப் பேசட்டும் என்று மாடிக்கு அனுப்பினார்கள். மஞ்சு செஞ்சியிலேயே ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தாள். எதிரே ராஜகிரி மலைமேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"பஸ்ல வந்தீங்களா?"

"ஆமா. நின்னுட்டே வந்தேன்."

"சீட்டு இல்லியா?"

"இருந்துச்சு."

மஞ்சு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப எங்கம்மா நெனைக்கிற மாதிரி இது மரியாதை இல்ல."

இளவழகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னான்.

"ஆபரேஷன்னா பயமா?"

"கத்திக்குப் பயம் இல்லீங்க. பண்ணாத வரைக்கும், பண்ணிக்கிட்டா சரியாயிடும்னு நம்பிட்டு இருக்கலாம். பண்ணியும் சரியாவலன்னா இன்னா பண்றது?"

"அதுக்காக நம்பிக்கிட்டே காலம் பூரா நிக்கப் போறீங்களா?"

இத்தனை நாளில் யாரும் அவனை இப்படிக் கேட்டதில்லை. கீழே இறங்கி வந்ததும், பெண் பிடித்திருக்கிறது என்றும், உட்கார விடாத வலிக்குக் கல்யாணத்துக்கு முன்னால் ஆபரேஷன் செய்துகொள்ளப் போவதாகவும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்.

அவன் அப்பா ஆதிமூலம் பதறினார். "தையில கல்யாணத்த முடிச்சிட்டு அப்புறம் பாத்துக்கலாம்டா. இப்ப எதுக்கு டென்ஷன்?"

"இல்ல நைனா. தள்ளிப்போட்டா திரும்ப யோசிக்க ஆரம்பிச்சிடுவேன்."

மீனம்பாளுக்கு முகம் வாடியது. "அப்ப நின்னது மரியாதைக்கு இல்லியா?"

"மரியாதையும் இருக்குதும்மா, வலியும் இருக்குது" என்றாள் மஞ்சு.

கல்யாணம் வைகாசிக்குத் தள்ளிப்போனது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் இளவழகன் டாக்டரிடம், "மறுபடி கபடி ஆடுவேனா சார்?" என்று நேராகவே கேட்டான்.

"உக்காருவீங்க, ஓடுவீங்க. கபடிக்கு என்னால வாக்குக் குடுக்க முடியாது."

இளவழகன் அதற்கும் சரியென்று தலையாட்டினான்.

அதன்பிறகு பல வாரம் கட்டிலும் ஊன்றுகோலுமாகப் போனது. மீனம்பாள் ஞாயிறுதோறும் கறிக்குழம்போடு வந்துவிடுவாள். "குப்புறப் படுத்துக்கினே இவ்ளோ சாப்பிடற மாப்பிள்ளைய நான் பாத்ததே இல்ல" என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னாள்.

மாசியில் மெல்ல ஓட ஆரம்பித்தான். கபடிக் களத்துக்கு இன்னும் போகவில்லை. போவானா என்று அவனுக்கே தெரியாது. முன்போல அது தூக்கத்தைக் கெடுக்கவில்லை.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சுவும் அவனும் சினிமாவுக்குப் போனார்கள். படம் மகா மட்டம். இடைவேளையில் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள்.

"நாமளும் போலாமா?" என்றாள் மஞ்சு.

இளவழகன் சீட்டில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டான். "இரு, முழுசாப் பாத்துட்டுப் போலாம்."