சட்டென்று எழுந்தால்

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். அவருக்கும் மனைவிக்கும் பல வருஷமாக ஒரே டாக்டரம்மாதான். மனைவி இறந்த பிறகு அவருக்கு ரத்த அழுத்தம் எகிறியது. டாக்டரம்மா ஒரு மாத்திரையை இரண்டாக்கினார், பிறகு மூன்றாக்கினார். அழுத்தம் கட்டுக்குள் வந்ததும் எல்லோருக்கும் நிம்மதி.

ஒரு நாள் மகள் அவரை வலுக்கட்டாயமாக அழைத்துவந்தாள். நெற்றி புடைத்திருந்தது. கட்டில் விளிம்பு பட்டுவிட்டது என்று அவர் சமாளிக்கப் பார்த்தார். அப்பா எழுந்திருக்கும்போதெல்லாம் தள்ளாடுகிறார், கேட்டால் வாயே திறப்பதில்லை என்று மகள் போட்டு உடைத்தாள்.

டாக்டரம்மா அவரைப் படுக்கவைத்து அழுத்தம் பார்த்தார். கைப்பட்டையை அவிழ்க்காமல் எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி பார்த்தார். எண் மளமளவென்று இறங்கியிருந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் பயம் இல்லை. யாரோ வரப்போவதுபோலக் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

வயதானால் எழுந்ததும் ரத்தம் காலுக்கு இறங்கிவிடும், உடம்பு சுதாரிக்க நேரமாகும், இத்தனை மாத்திரை அதற்கு இடம் கொடுக்காது, ஒன்றை நிறுத்திவிடலாம் என்று டாக்டரம்மா விளக்கினார்.

"வேணாம் டாக்டரம்மா. எனக்குப் பழகிடுச்சு" என்றார் அவர்.

டாக்டரம்மா மகளைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். கதவு சாத்தியதும் பெரியவர் தானாகவே பேசினார்.

"காலையில எழுந்ததும் கண்ணு இருட்டுதுல்ல, அப்ப அவ சமையலறை வாசல்ல நிக்கிறா. ஈரக் கையைத் துடைச்சுக்கிட்டே. முகம் தெரியறதுக்குள்ள வெளிச்சம் வந்துடுது."

"அதுக்காகத்தான் சட்டுனு எழுந்திருக்கீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "மெதுவா எழுந்தா வர மாட்டேங்கிறா."

 டாக்டரம்மா தணிந்த குரலில் சொன்னார்: "விழுந்து இடுப்பு உடைஞ்சா அந்தக் கட்டில்லேர்ந்தே எழுந்திருக்க முடியாதுங்க. அப்ப அவங்களை எங்க பார்ப்பீங்க?"

ஒரு மாத்திரை நின்றது. சில வாரம் பார்த்துவிட்டு இன்னொன்றின் அளவும் குறைந்தது. எழுமுன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பாதங்களை அசைக்க வேண்டும் என்பது கட்டளை. மகள் பக்கத்திலேயே நின்று செய்யவைத்தாள். தலைசுற்றல் போய்விட்டது.

இப்போது சமையலறை வாசல் பளிச்சென்று தெரிந்தது. அடுப்பு, ஜன்னல், கொக்கியில் தொங்கும் கரண்டி எல்லாம் தெரிந்தன. அவள் மட்டும் இல்லை. ஒரு காலை மனசு கேட்காமல் வெடுக்கென்று எழுந்து பார்த்தார். முட்டி வலித்ததுதான் மிச்சம்.

அடுத்த முறை அழுத்தம் முன்பைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் இருந்தது. ஆனால் படுத்தாலும் நின்றாலும் பெரிய வித்தியாசம் இல்லை. இந்த வயதுக்கு இது போதும் என்று டாக்டரம்மா சந்தோஷப்பட்டார்.

"அவ வர்றதில்லை டாக்டரம்மா" என்றார் அவர்.

டாக்டரம்மா கைப்பட்டையைச் சுருட்டி வைத்தார். "உங்களைப் பத்தி அவங்க என்கிட்ட கோள் சொல்வாங்க, தெரியுமா? 'உப்பைக் குறைச்சுட்டேன்னு சொல்வாரு, நம்பாதீங்க. நான் அந்தப் பக்கம் திரும்பினா போதும், டப்பாவைத் தேடுவாரு'ன்னு."

"எப்பச் சொன்னா?"

"ஒவ்வொரு தடவையும். நீங்க வெளியில செருப்பு மாட்டிக்கிட்டு இருக்கும்போது."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்து வழிந்தது. இன்னும் என்னென்ன சொன்னாள் என்று கேட்டார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். மூன்று மாதம் கழித்து வந்தால் போதும் என்று சொல்ல வேண்டிய டாக்டரம்மா, அடுத்த மாதமே வரச் சொன்னார்.

சொன்ன நாளுக்கு முன்பே வந்துவிட்டார். கைப்பட்டையைக் கட்டுவதற்குள் மனைவியைப் பற்றிய பேச்சை ஆரம்பித்தார். பேசினால் அளவு தப்பாகக் காட்டும், கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள் என்று டாக்டரம்மா அதட்டினார். அவர் பாதங்களைத் தரையில் பதித்து, கையை மேஜைமேல் நீட்டி, டாக்டரம்மாவின் வாயையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.