கவிழ்த்துப் போட்ட உரல்

சுபைறாவுக்குக் கதை எழுத வரும். எதைப் பற்றி எழுதுவது என்பதுதான் வராது. கல்முனையில் பிறந்து, கல்முனையிலேயே கலியாணம் முடித்து, பெண்கள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தவள், கொழும்புப் பங்களாக்களில் பியானோ வாசிக்கும் பெண்களைப் பற்றியே எழுதினாள். பியானோவை அவள் கண்ணால் கண்டதில்லை. வானொலிக் கதை நிகழ்ச்சிக்கு அனுப்பியதெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தது. கடைசியாகத் திரும்பி வந்ததில், நிகழ்ச்சி நடத்துகிறவர் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தார். பங்களா வேண்டாம், உங்கள் வேலிக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

மனிதர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் சுபைறா சொன்னதைச் சொன்னபடியே செய்கிற ஆள். அன்று மத்தியானமே வேலியடிக்குப் போய், தென்னோலைக் கிடுகில் இருந்த பொத்தலில் கண்ணை வைத்தாள்.

வேலிக்கு அப்பால் முகைதீன்பாவாவின் வீடு. அப்படிச் சொல்வதும் பிழை. எழுபத்தெட்டுப் புயல் பழைய வீட்டின் கூரையைத் தூக்கிக்கொண்டு போனபிறகு, நாவிதன்வெளியில் இருந்த வயலில் பாதியை விற்று அந்த மனிதர் கட்டிய வீடு அது. கட்டி முடித்த கையோடு மகள் சுஹறாவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டார். எங்கள் பக்கத்து வழக்கம் அதுதான். வீடு மகளுக்கு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவான், பெற்றவர்கள் வளவின் மூலையில் ஒரு குடிலைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிட வேண்டும். மனைவி மவுத்தாகிவிட்டதால் முகைதீன்பாவா தனியாகவே ஒதுங்கினார்.

பொத்தலுக்குள்ளால் சுபைறா கண்டது இவ்வளவுதான். மழை பெய்துகொண்டிருந்தது. முன்வாசல் கதவு சாத்தியிருந்தது. தாழ்வாரத்தில் ஓர் உரலைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் குந்திக்கொண்டு அந்த மனிதர் தனியாகச் சோறு தின்றுகொண்டிருந்தார். சுபைறாவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தான் கட்டிய வீட்டின் வாசலில், பிச்சைக்கு வந்தவனைப் போல! ஆத்திரம் வந்தது. அதற்குள்ளேயே, சொல்ல வெட்கம், ஒரு சந்தோசமும் இருந்தது. ஓடிப்போய் எழுத உட்கார்ந்தாள்.

ஆட்களின் பெயரை மாற்றினாள். கல்முனையைக் கோமாரி என்ற கடற்கரை ஊராக்கினாள். வயல்காரரை மீன்காரர் ஆக்கினாள். கதவைச் சாத்துகிற வேலையை மருமகனுக்குக் கொடுத்தாள். "நீங்க வெளியிலயே இரிங்க மாமா, உங்களப் பாத்தா எனக்குச் சோறு இறங்குதில்ல" என்று அவன் வாயில் ஒரு பேச்சையும் வைத்தாள். உரலை மாற்றத்தான் மனம் வரவில்லை. அதை எடுத்துவிட்டு ஒரு மர வாங்கைப் போட்டுப் பார்த்தாள், கதை செத்துப்போனது. திரும்பவும் உரலையே கொண்டுவந்து வைத்தாள். எழுதுகிறவர்கள் அப்படித்தான், நல்லது ஒன்று கையில் அகப்பட்டால் லேசில் விடமாட்டார்கள்.

கதை ஒலிபரப்பானது. மஃரிபு தொழுதுவிட்டு வந்த ஊர், வீட்டுக்கு வீடு ரேடியோவைச் சுற்றி இருந்து கேட்டது. "எழுதியவர், கல்முனை சுபைறா றஸாக்" என்று சொன்னபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் டீச்சர்மார் கண்ணைத் துடைத்துக்கொண்டே அந்த மருமகனுக்குச் சாபம் போட்டார்கள். பின்னேரம் ஆவதற்குள் கதை வேறு திசையில் போய்விட்டது. கவிழ்த்த உரலில் குந்துகிற மனிதர் கல்முனையில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? தெருவால் போகிற வருகிற எல்லோரும் முகைதீன்பாவாவை அந்த உரலில் கண்டவர்கள்தான். ஊர் கண் காது மூக்கு வைத்துக் கதைக்கத் தொடங்கியது.

சுஹறாவின் மாப்பிள்ளை ஜெமீல், உடுப்புகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு நிந்தவூரில் இருந்த உம்மா வீட்டுக்குப் போய்விட்டான். மற்ற இடங்களில் கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போவது பெண். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது, ஆகவே போவது ஆண். போனவன் திரும்பி வராமலே இருந்துவிடுவதும் உண்டு. சுஹறா அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள்.

அவள் சுபைறாவின் குசினி வாசலில் வந்து நின்றாள். சத்தம் போட வரவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"ராத்தா, எழுத முந்தி எனக்கிட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கப்படாதா?"

"நான் பேரெல்லாம் மாத்தித்தானே புள்ள…"

"வாப்பாதான் ஊட்டுக்குள்ள வரமாட்டாரு. மருமகன்ட உழைப்பத் திங்கிறாரெண்டு சனம் கதைக்குமாம். கதவச் சாத்துறதும் அவருதான், தூவானம் அடிக்குமாம். உள்ளுக்கு வாங்க மாமா எண்டு இவரு கெஞ்சாத நாளில்ல. மறுகா, ராவைக்கு அரிசி மில்லால வந்தா இவரு சோத்துப் பீங்கானத் தூக்கிக்கிட்டுப் பின்னால குடிலுக்குப் போயிருவாரு. வாப்பாவோட ஒண்டா இரிந்துதான் தின்னுவாரு. என்னோட இரிந்து திண்டத விட வாப்பாவோட திண்டதுதான் கூட."

சுபைறா வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"குடில் உங்கட வேலியால தெரியாது ராத்தா," என்றாள் சுஹறா.

அன்று முழுக்கச் சுபைறா அதையே நினைத்துப் பார்த்தாள். தான் கண்டது ஒரு கதவு. சாத்திய கையை அவள் காணவில்லை, தானே ஒரு கையைச் செய்து ஒட்டினாள். அந்தக் கையை ஊர் இப்போது ஜெமீலின் தோளில் பொருத்திவிட்டது. ஒரு பிள்ளை தகப்பன் இல்லாத வீட்டில் பிறக்கப் போகிறதே என்று நினைத்தபோது, சும்மா இருக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. மறுநாள் பின்னேரம் கணவர் றஸாக்கைக் கூட்டிக்கொண்டு சைக்கிளில் நிந்தவூருக்குப் போனாள்.

ஜெமீலின் உம்மா ஆயிஷா உம்மா, வந்தவளை இருக்கச் சொல்லவில்லை. "இன்னும் என்ன மிச்சம் இரிக்கி எழுத?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். றஸாக் வெளியே படலையடியில் நின்றார். ஜெமீல் அப்போதுதான் அரிசி மில்லில் இருந்து வந்திருந்தான். தலை, புருவம், கண்ணிமை எல்லாம் தவிட்டுத் தூள்.

"என்ன மன்னிச்சிருங்க ஜெமீல்," என்றாள் சுபைறா. "அது பொய்யெண்டு ரேடியோவுக்கு எழுதி அனுப்புறன். அவங்க வாசிப்பாங்க."

ஜெமீல் சிரித்தான். "கதைய ஆரும் பொய்யெண்டு சொல்லுவாங்களா மதினி? கதை நல்ல கதைதான்."

"அப்பிடிச் சொல்லாதீங்க."

"நான் மில்லுல இரிந்துதான் கேட்டன். நம்மட மதினிட கதையெண்டு சத்தத்தக் கூட்டி வெச்சதே நாந்தான். எல்லாரும் வேலைய உட்டுட்டு வந்து நிண்டாங்க. அந்த மருமகன் கதவச் சாத்தக்குள்ள எனக்கு வந்த கோவம் கொஞ்சமில்ல. இவனெல்லாம் ஒரு மனிசனா எண்டு வாய் உட்டு ஏசினன். அந்த மாமாவ நினைச்சு எனக்குக் கண்ணும் கலங்கிட்டு." அவன் தலையில் இருந்த தூளைத் தட்டினான். "கிறுகிப் பின்னால பாத்தன். எல்லாரும் என்னயே பாத்துக்கிட்டு நிக்காங்க. அப்பயும் எனக்கு வெளங்கல்ல, மதினி. ஒருத்தன் உரலச் சொல்லித்தான் வெளங்கின."

சுபைறா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நடிப்பில்லை, அடிவயிற்றில் இருந்து வந்த அழுகை அது.

"அழாதீங்க. நான் வாறன்," என்றான் அவன். "சுஹறா என்ன பாவம் செஞ்ச? ரேடியோவுக்குப் பயந்து வந்தானெண்டு ஊரு சொல்லும், சொல்லட்டும். மாமாவும் தனியத்தான் திண்டுக்கிட்டு இரிப்பாரு." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "ஒண்டு மட்டும் சொல்லுங்க. இப்ப நான் கதைச்சதையும் எழுதுவீங்களா?"

"வல்லாஹி எழுத மாட்டன்," என்றாள் சுபைறா.

அவன் நம்பினான். புறங்கையால் கண்ணைத் துடைத்தான், தவிட்டுத் தூளில் ஈரம் ஒரு கோடாக இறங்கியது. அவள் மனதாரத்தான் சத்தியம் செய்தாள். ஆனாலும் அந்தக் கோட்டின் மேல் இருந்து அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. தன்னைக் கெட்டவனாக்கிய கதையைக் கேட்டுத் தானே அழுத ஒருவன், என்று ஒரு வரி உள்ளுக்குள் வந்து குந்திவிட்டது. அதைத் துரத்தினாள். அது இன்னொரு வரியைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. தன் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது.

திரும்பி வரும்போது றஸாக் சைக்கிளை மிதித்தபடி கேட்டார். "வாறானாமா?"

"ஓம். நாளைக்கே வாறாராம்."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப என்னத்துக்கு இன்னும் அழுற?"

காரைதீவு தாண்டியது. சாய்ந்தமருதுக்குள் சைக்கிள் நுழையும்போது கதை அவள் உள்ளுக்குள் பாதிக்கு மேல் வந்திருந்தது.