ஒரு காபிக்கு எத்தனை உயிர்

எழுபத்தொன்பதாம் வருஷக் கோடையில் ஜப்பானின் நகோயா நகரத்துக் காபிக் கடைகளில் யாரும் காபி குடிக்கவில்லை. கூட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. வந்தார்கள், காபி சொன்னார்கள், காசும் கொடுத்தார்கள். கோப்பை வந்ததும் அதைக் கண்ணாடி மேஜையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, கண்ணாடிக்கு அடியில் இருந்த வீடியோ விளையாட்டுத் திரையில் வரிசை வரிசையாக இறங்கி வரும் வேற்றுக்கிரகப் பூச்சிகளைக் குனிந்து சுட ஆரம்பித்தார்கள். சுட்டு முடித்தபின் எழுந்து போனார்கள். காபி வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

மற்ற கடைக்காரர்கள் இதைப் பற்றிக் கவலைப்படவில்லை. கழுவும் தொட்டியில் கொட்டினாலும் வயிற்றில் கொட்டினாலும் கல்லாவுக்கு ஒன்றுதான். 'ஆல்ப்ஸ்' கடைக்காரர் தொகுஸோவால் மட்டும் அப்படி இருக்க முடியவில்லை. அவர் நகராட்சிக் குடிநீர் அலுவலகத்தில் பார்த்த நல்ல வேலையைக் காபிக்காகவே விட்டவர். கொட்டையைக் கடைக்குப் பின்னால் தன் கையாலேயே வறுப்பார். ஜப்பானில் காபிக் கடைக்காரர் எல்லோரையும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். தொகுஸோ அந்தச் சொல்லைக் கொஞ்சம் அதிகமாகவே நம்பிவிட்டார்.

விளையாட்டு மேஜைகளைக் கொண்டுவந்தது அவர் மனைவி ஃபுமியே. அதற்கு முன் கடையில் காலை நேரத்தில் மட்டும் ஆள் இருக்கும். காபி வாங்கினால் ரொட்டியும் அவித்த முட்டையும் இலவசம் என்பதால் வருகிற ஆட்கள். மத்தியானத்தில் ஈதான். ஃபுமியே கணவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வசூலில் பங்குக்கு மேஜை தரும் கம்பெனிக்குப் போன் செய்து இரண்டு மேஜைகளை வரவழைத்தாள். ஒரே மாதத்தில் கடையில் இருந்த மர மேஜைகள் எல்லாம் வெளியே போயின.

"கடைய சூதாட்டக் கூடமா ஆக்கிட்ட" என்றார் தொகுஸோ.

"சூதாட்டத்துல ஜெயிச்சா காசு வரும். இதுல அது கூட வராது. நம்மளுக்கு மட்டும்தான் வருது" என்றாள் அவள்.

தொகுஸோ ஒரு முடிவுக்கு வந்தார். ஆட்டம் நீளம், காபியின் சூடு குட்டை. ஆட்டத்தைக் குட்டையாக்கினால் ஜனங்கள் காபியைச் சூடாகக் குடிப்பார்கள். குடித்துவிட்டால் அப்புறம் பூச்சியாவது ஒன்றாவது. மேஜையைப் பழுது பார்க்க வந்த கம்பெனி ஆள் மூடியைத் திறந்தபோது அவரும் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். உள்ளே பச்சைத் தகட்டில் அரிசிப் பருமனில் வரிசையாகச் சுவிட்சுகள் இருந்தன.

"இதெல்லாம் என்ன?"

"ஒரு காசுக்கு எத்தனை உயிர்னு வைக்கிறது மாஸ்டர். இந்தப் பக்கம் தள்ளுனா கூடும், அந்தப் பக்கம் தள்ளுனா குறையும். பூச்சியோட குணத்தக்கூட மாத்தலாம்."

மறுநாள் கடை திறக்குமுன் தொகுஸோ ஒவ்வொரு மேஜையாகத் திறந்து, பல்குத்தும் குச்சியால் எல்லாச் சுவிட்சுகளையும் அந்தப் பக்கம் தள்ளினார். உயிர்கள் குறைந்தன. பூச்சிகள் கெட்ட குணம் கொண்டன.

அன்றைக்கு எல்லோரும் சீக்கிரம் செத்தார்கள். செத்த கையோடு அடுத்த காசைப் போட்டார்கள். கோப்பைகள் நிரம்பியபடியே திரும்பி வந்தன, காசுப் பெட்டியும் நிரம்பியது. வாரக் கடைசியில் பெட்டியைத் திறந்த கம்பெனி ஆள், மாவட்டத்திலேயே மாஸ்டர் மாதிரி வியாபாரி கிடையாது என்று குனிந்து வணங்கிவிட்டுப் போனான். தொகுஸோவுக்கு வந்த கோபத்தில் அன்று இரண்டு கோப்பை உடைந்தது.

அப்போதுதான் அவர் கண் நினோமியா அம்மாள் மேல் விழுந்தது.

நினோமியா ஆயுள் காப்பீடு விற்கிறவள். ஐம்பதைத் தொட்ட வயது. கையில் கனமான பை, காலில் தேயாத செருப்பு இருந்த நாளே இல்லை. அந்த வட்டாரத்தில் அவள் ஏறாத வாசல் கிடையாது. தினமும் மத்தியானம் ஆல்ப்ஸுக்கு வந்து ஒரு காபி சொல்லி, ஒரே ஒரு காசு போடுவாள். இரண்டாவது காசு அவள் கொள்கைக்கு விரோதம். அந்த ஒரு காசு வெயில் தாழும்வரை ஓடும். பூச்சிகள் திரையின் அடியில் இருக்கும் நம் பீரங்கியின் தலைக்கு மேலே, கடைசி வரிசைக்கு வந்துவிட்டால் அவற்றின் குண்டு நம்மைத் தொடாது. அதுவரை அவற்றை விட்டுப்பிடித்து, அப்புறம் ஒவ்வொன்றாகச் சுட்டு வீழ்த்தும் வித்தை ஒன்று உண்டு. நாடு முழுக்க அதற்கு 'நகோயா அடி' என்றே பெயர். ஊர்க்காரர்களுக்கு அதில் பெருமை. நினோமியா அதில் கைதேர்ந்தவள். உயிர் ஒன்றோ மூன்றோ, அவளுக்கு ஒன்றுதான். ஆனால் ஒரு கண் சிமிட்டலில் பூச்சி தரையைத் தொட்டுவிட்டால், எத்தனை உயிர் மீதி இருந்தாலும் ஆட்டம் அவுட்.

இவள் ஒரு வாய் சூடாகக் குடித்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும். சாயங்காலத்துக்குள் அது நூறு வீட்டுக்குப் போய்ச் சேரும். வேலையை விட்டபோது குடிநீர் அலுவலகத்தில் தொகுஸோவைப் பார்த்துச் சிரித்தவர்களின் வீடும் அந்த நூறில் இருந்தது. தொகுஸோவுக்கு அது வேண்டியிருந்தது. வியாபாரத்துக்காக அல்ல. வேலையை விட்டது தப்பில்லை என்று வெளியாள் ஒருவர் வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

புதன்கிழமை, பூச்சிகள் நினோமியாவின் பீரங்கிக்கு மேல் வந்து, ஆட்டத்தின் தம் தம் என்ற சத்தம் வேகம் பிடித்த நேரம் பார்த்து, தொகுஸோ தட்டோடு போய் அவள் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"காபி. ரொம்பச் சூடு, பாத்து."

அவள் நிமிர்ந்தாள். பூச்சி இறங்கியது. ஆட்டம் முடிந்தது.

பக்கத்து மேஜையில் இருந்த டாக்ஸிக்காரர் ஒகுடா கையை விசைக் குச்சியிலிருந்து எடுத்துவிட்டு, கொலையைப் பார்த்தவர் மாதிரி பார்த்தார். நினோமியா திரையைப் பார்த்தாள், மாஸ்டரைப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அடுத்த வீட்டுக்குப் போக இன்னும் நேரம் நிறைய இருந்தது. செய்ய வேறு வேலை இல்லை. கோப்பையை எடுத்தாள்.

தொகுஸோ நகரவில்லை. ஒரு வாய் குடித்தாள். அவசரப்படாமல் இன்னொரு வாய் குடித்தாள். கோப்பையை இரண்டு கையாலும் மேஜைமேல் வைத்தாள்.

"மாஸ்டர், கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க. இது எப்பவுமே இப்படித்தானா?"

"எப்படி?"

"கருகின வாசனை."

"அது அழுத்தமான வறுவல்."

"வறுவல் இல்ல மாஸ்டர், இது தீ விபத்து. நான் இன்ஷூரன்ஸ்காரி, எனக்குத் தெரியும்."

ஒகுடாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார்.

"என்னங்க அம்மா, நீங்க இன்னைக்குத்தான் குடிச்சீங்களா? நான்லாம் வந்த முத நாளே குடிச்சேன். அப்புறம் அந்தப் பக்கம் போகல."

"அப்ப எதுக்கு தினமும் வாங்குற?" என்றார் தொகுஸோ.

ஒகுடா நல்ல மனிதர். தெரு முழுக்க ஒருவழிப் பாதையாக இருந்தாலும் பொய் சொல்லிச் சுற்ற மாட்டார்.

"ரொட்டிக்காக, மாஸ்டர். ஃபுமியே அக்கா சுடுற ரொட்டி மாதிரி எங்கயும் கிடைக்காது. முன்னெல்லாம் பெரிய சங்கடம். நீங்க அங்க நின்னு பாத்துக்கிட்டே இருப்பீங்க. குடிக்காம வச்சுட்டுப் போனா உங்க மனசு நோகும், குடிச்சா எங்க வயிறு நோகும். அதனாலதான் பாதிப் பேரு வர்றதையே விட்டுட்டாங்க. இந்த மேஜை வந்தப்புறம்தான் நிம்மதி. ஆட்ட மும்முரத்துல ஆறிடுச்சுன்னா யாரு என்ன சொல்ல முடியும்?"

கடையில் இருந்த மற்றவர்கள் யாரும் தலை நிமிரவில்லை. எல்லோருக்கும் திடீரென்று ஆட்டம் ரொம்ப மும்முரமாகிவிட்டது.

நினோமியா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. "இதப் பத்தி நான் எந்த வீட்லயும் வாயத் திறக்க மாட்டேன், மாஸ்டர்" என்றாள். அவளால் முடிந்த பெரிய உபகாரம் அது. தொகுஸோ குனிந்து நன்றி சொன்னார்.

கடைசி ஆளும் போனபின் ஃபுமியே கதவில் பலகையைத் திருப்பி மாட்டிவிட்டு மேஜைகளைத் துடைத்தாள். தொகுஸோ ஒரு மேஜையின் மூடியைத் திறந்து, பல்குத்தும் குச்சியோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை உயிர் வைக்கட்டும்?"

"எவ்வளவு வைக்க முடியுமோ அவ்வளவு வைங்க."

அவர் வைத்தார். பூச்சிகளின் குணத்தையும் திருத்தினார். அடுத்த மேஜைக்கு நகர்ந்தார். அங்கே குச்சி கையிலேயே நின்றுவிட்டது.

"நீ இந்த மேஜைங்கள அதுக்காகத்தான் கொண்டுவந்தியா?"

"கூட்டத்துக்காக."

"ஃபுமியே."

அவள் துணியைப் பிழிந்தாள். "அதுக்காகவும்தான்."

"உனக்கு எப்பத்திலேருந்து தெரியும்?"

"முதல் கோப்பையிலேருந்து."

"ஏன் சொல்லல?"

"வேலைய விட்டுட்டு வந்து, நீங்களே வறுத்து, நீங்களே போட்டு, முதல் கோப்பைய எங்கிட்டதானே நீட்டுனீங்க? நான் உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே குடிச்சேன். அந்த மூஞ்சிகிட்ட எப்படிங்க சொல்றது? நல்லாருக்குன்னுட்டேன். ஒரு தடவ சொல்லிட்டா அப்புறம் மாத்த முடியுமா?"

"அதுக்கப்புறம் தினமும் காலையில குடிச்சியே."

"நீங்க தினமும் காலையில போட்டீங்களே."

தொகுஸோவுக்குத் தன் காபி பிடிக்கும்; நிஜமாகவே பிடிக்கும். உலகத்தில் அது பிடித்த ஒரே ஆள் தான்தான் என்பதை ஒரு மனிதன் ஐம்பத்திரண்டு வயதில் தெரிந்துகொள்வது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அதைவிடவும் அவள் இத்தனை வருஷம் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்ததுதான் அவர் மனசைப் பிசைந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தவர், மூடியைச் சாத்திப் பூட்டினார்.

ஃபுமியே எல்லா மேஜையையும் துடைத்து முடித்துவிட்டாள். இருந்தாலும் போகாமல் துணியோடு நின்றாள்.

"ஏங்க, அப்ப நாளையிலேருந்து நான் டீ குடிச்சுக்கட்டுமா?"

தொகுஸோ பல்குத்தும் குச்சியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எனக்கும் சேத்துப் போடு" என்றார்.