விலை இறங்கிய நாளில்

அர்கமின் வங்கி அட்டை அவனுடைய முதலீட்டுக் கணக்கோடு இணைக்கப்பட்டிருந்தது. அந்த அட்டையால் செலவழித்தால், அன்றைய விலைக்குப் பங்குகள் விற்கப்பட்டுக் காசு போகும்.

புத்தளத்துக் கண்ணாடிக் கடையில் மகள் ஹனாவின் மூக்குக்கண்ணாடி தயாராக இருந்தது. அர்கம் தயங்கினான்.

"இண்டைக்குப் பங்கு விலை நல்லா இறங்கிக் கிடக்கு. வித்தா நட்டம். அடுத்த மாசம் வந்து எடுப்பமா?"

"விலை ஏறும் மட்டும் புள்ள கரும்பலகை தெரியாம இருக்கவா?" என்றாள் மனைவி அஸ்ரியா.

ஹனாவின் படிப்புக்கென்றுதான் அந்தக் கணக்கையே அவன் தொடங்கியிருந்தான். வெட்கப்பட்டு அட்டையை நீட்டினான்.

வீடு திரும்பும் கற்பிட்டி பஸ்ஸில் ஹனா கடைப் பெயர்களைச் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தாள். பிறகு திரும்பி அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"வாப்பா, உங்கட தாடியில நரை இருக்கே!"

அஸ்ரியா விழுந்து விழுந்து சிரித்தாள். அர்கமுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.