எண்ணிச் சொல்லாத மந்தை

1

இந்தக் கதை எனக்குச் சொல்லப்பட்டதல்ல. இத்தாலியில், பலெர்மோவின் ஒரேத்தோத் தெருவில் எங்கள் மேல்வீட்டில் இருக்கும் செல்வமலர் அன்ரி, எங்கள் குசினியில் வெங்காயம் உரித்தபடி அம்மாவுக்குச் சொன்னது. நான் அடுத்த அறையில் இருந்தேன். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை.

(நேரில் அன்ரி. கதைக்குள் 'அவள்' என்றுதான் எழுதப் போகிறேன். அன்ரி என்று எழுதினால் அவருக்குப் பின்னால் ஒளிந்து நின்றுவிடுவேன்.)

முதல் தொடக்கம்: பாலைநிலத்தில் சூரியன் இறங்கும் வேளையில் மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக

விட்டுவிட்டேன். நான் பாலைநிலம் பார்த்ததில்லை.

இரண்டாவது: மாடுகளுக்கு எல்லைக்கோடு தெரியுமா

இதுவும் வேண்டாம். மாடுகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவற்றை ஓட்டிப்போன மமதுவின் தம்பிக்கு எல்லை நன்றாகத் தெரியும். இந்தப் பக்கம் தண்ணீர் வற்றிவிட்டது, அந்தப் பக்கம் மழை பெய்தது. தெரிந்துதான் போனான்.

2

மமது, பல்லரோச் சந்தையில் றெஜி அண்ணையின் மரக்கறிக் கடையில் வேலை செய்கிறவன். சஹாராவுக்குத் தெற்கே ஒரு நாட்டுக்காரன். அந்த நாட்டின் பெயரை எழுதவில்லை, பக்கத்து நாட்டின் பெயரையும் எழுதவில்லை. தம்பி இன்னும் சிறைக்குள்ளே இருக்கிறான்.

பக்கத்து நாட்டுக் காவலர்கள் தம்பியையும் மச்சானையும் மாடுகளோடு சேர்த்துப் பிடித்தார்கள். திருட்டு மாடு என்று வழக்கு.

செல்வமலர் வீட்டுவேலை செய்வது கிளறா சிஞ்ஞோரா என்ற இத்தாலிய அம்மாவிடம். சிஞ்ஞோரா வழக்கறிஞர், மமதுவின் நாட்டுக்குப் பலெர்மோவில் சம்பளமில்லாத கௌரவத் தூதரும் அவர்தான். வாசலில் ஒரு சின்னக் கொடி நிற்கும். அதைத் தூசி தட்டுகிற செல்வமலர்தான் மமதுவை அங்கே கூட்டிப் போனாள். சிஞ்ஞோரா ரோமில் உள்ள தூதரகத்துக்கு எழுத, தூதரகம் தன் அமைச்சுக்கு எழுத, அமைச்சு பக்கத்து நாட்டோடு பேச, மாதக்கணக்கில் இழுபட்டு ஒரு பதில் வந்தது. மந்தையில் எத்தனை மாடு என்று சொல்லட்டும். எங்கள் பட்டியில் நிற்பதோடு ஒத்துவந்தால் மாடு அவர்களுடையதுதான், விட்டுவிடுகிறோம்.

சிறையில் தம்பியிடம் கேட்டார்கள். அவன் வாய் திறக்கவில்லை. பிறகு மமதுவிடம் கேட்டார்கள்.

"சொல்லமாட்டன் அக்கா," என்றான் அவன், கடையில்.

"ஏன், எண்ணத் தெரியாதோ?" என்றாள் செல்வமலர்.

றெஜி சிரித்தான். "வெண்டிக்காய் எத்தினை கிலோ எண்டால் தராசிலை போடமுன்னமே சொல்லுவான். மாடு எண்டால் மட்டும் வாய்ப்பூட்டு."

"மந்தையை எண்ணிச் சொன்னால் குறைஞ்சு போகும். எங்கடை அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. தம்பியும் சொல்லமாட்டான்."

"மாடு குறைஞ்சால் குறையட்டும். உன்ரை தம்பியெல்லோ அங்கை கிடந்து சாகிறான்," என்றாள் செல்வமலர்.

(இவர்கள் கதைத்தது இத்தாலியனில். 'அக்கா' மட்டும் அவன் கடையில் பொறுக்கிய சொல். என் கையில் அவன் யாழ்ப்பாணத்தான் ஆகிவிட்டான். எனக்கு வேறு தமிழ் தெரியாது.)

3

இங்கே மமது மனம் மாற வேண்டும். ஏன் மாறினான்? சில காரணங்களை எழுதிப் பார்த்தேன், எல்லாம் பொய்யாக இருந்தன. தம்பிக்குச் சிறையில் விடாத காய்ச்சல் என்று செய்தி வந்ததாம். அன்ரி சொன்னது அவ்வளவுதான்.

சிஞ்ஞோராவின் மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"எண்ணமாட்டன். பேர் சொல்லுறன்."

கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினான். மழைக்கு முந்தினவள். அவளின் மகள். கோணல்கொம்பி. அம்மா சீதனமாகக் கொண்டுவந்தவளின் பேத்தி. சாம்பல்முதுகி. ஆற்றைக் கண்டால் நின்றுவிடுகிறவள். ஒவ்வொரு பெயருக்கும் நிறம் சொன்னான், கொம்பு சொன்னான். சிஞ்ஞோரா எழுதிக்கொண்டே போனார். கோப்பித் தட்டோடு வந்த செல்வமலர் அதைக் கீழே வைக்க மறந்து நின்றாள்.

கடைசிப் பெயர் முடிந்ததும், சிஞ்ஞோரா கூட்டி வந்த எண்ணை அவனுக்குக் காட்டாமல் எழுதினார். பெயர்களையும் சாட்சியாகச் சேர்த்து அனுப்பினார். (அந்த எண்ணை நானும் எழுதவில்லை.)

இத்தோடு கதையை முடித்திருக்கலாம். தம்பி வெளியே வருகிறான், முன்னால் மாடுகள்

அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். "அப்ப விட்டிட்டாங்களோ?"

"எங்கை விட்டவங்கள்," என்றார் அன்ரி.

4

எண் ஒத்துவரவில்லை. பட்டியில் நின்றவை குறைவு. காவலர்கள் அறுத்தார்களோ, விற்றார்களோ, தண்ணீர் இல்லாமல் செத்தனவோ. சிஞ்ஞோராவுக்கு விளங்கியது, ரோமுக்கும் விளங்கியது. ஆனால் யாரும் அதை எழுத்தில் கேட்கவில்லை. கேட்டால் அந்த நாட்டைக் கள்ளன் என்று சொன்னதாகும், பேச்சு முறிந்துவிடும். மிஞ்சியது ஒரே வழி. தான் பிழையாகச் சொல்லிவிட்டதாக மமது கையெழுத்திட வேண்டும். எந்தெந்தப் பெயர்கள் மந்தையில் இருந்ததே இல்லை என்றும் அவனே காட்ட வேண்டும்.

மமது காவலர்களைத் திட்டவில்லை. "நான் வாய் திறந்தன். குறைஞ்சு போச்சு," என்று மட்டும் சொன்னான்.

அன்று ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்கு முன்னால் பஸ்ஸுக்கு நிற்கும்போது செல்வமலரிடம் கேட்டான்.

"நீங்களெண்டால் பட்டியலிலையிருந்து பேரை எடுப்பியளோ அக்கா?"

"நான் எடுத்தனான்."

"ஆரின்ரை பேரை?"

"இஞ்சை வந்து பெர்மெஸ்ஸோ விசாவுக்குப் பதியேக்கை பிள்ளையள் எத்தினை எண்டு கேட்டவை. மூத்தவனை ஊரிலை பிடிச்சுக்கொண்டு போனவங்கள், எங்கையெண்டு தெரியாது. அவனையும் சொன்னால் பேப்பர் இழுபடும் எண்டு எங்கடை ஆக்கள் சொல்லிச்சினம். ரெண்டு எண்டு சொன்னன்."

"அந்த ரெண்டு பேரும் வந்திட்டினமோ?"

"ஓம். வந்து படிச்சு, இப்ப வேலையும் செய்யினம்."

"அப்ப சரிதானே அக்கா?"

பஸ் வந்தது. செல்வமலர் ஏறவில்லை.

குசினியில் அம்மாவின் கத்தி நின்றுபோனது எனக்குக் கேட்டது.

5

ஒரு முடிவு: பெயர்களை எடுக்கிறான். தம்பி வருகிறான். வந்தவன் முதலில் கேட்பது கோணல்கொம்பியைத்தான். நீ அவளை இல்லை என்று சொன்னாயா என்று கேட்கிறான்.

இன்னொன்று: எடுக்கவில்லை. மந்தை முழுதாகத் தாளில் நிற்கிறது. தம்பிக்குக் காய்ச்சல்

இதை முடிக்க என் கை வரவில்லை.

மூன்றாவதாக, பக்கத்து நாடு உண்மையை ஒத்துக்கொள்கிறது. எழுதிவிட்டு நானே கிழித்தேன்.

ஆகவே அவனை மேசைக்கு முன்னாலேயே விட்டுவைத்திருக்கிறேன். பேனா கையில் இருக்கிறது. தாளில் பெயர்கள் இருக்கின்றன. சிஞ்ஞோரா மெதுவாகத்தான் கேட்கிறார்: "முதலில் எதை எடுக்க, மமது?"

அவன் உங்களைப் பார்க்கிறான். எடு என்பீர்களோ, வேண்டாம் என்பீர்களோ, அது உங்கள் பாடு. எடு என்றால் மட்டும், 'ஏதாவது சிலதை' என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். பெயரைச் சொல்லுங்கள்.