ஏழு குறிப்புகள்

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் பள்ளிக்கூடத்தில் ‘வாழ்க்கைத் திறன்’ என்று ஒரு புதுப் பாடம் வந்தது. பட்டன் தைப்பது, ஃபியூஸ் மாற்றுவது, நோயாளியைப் பார்த்துக்கொள்வது எல்லாம் சொல்லித் தருவார்கள் என்றார்கள். கை தட்டினோம். பார்த்தால் அதற்கும் ஒரு புத்தகம், அதற்கும் ஒரு பரீட்சை. ஊசியை யாரும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. கெமிஸ்ட்ரி மிஸ் புத்தகத்தை வாசிப்பார், நாங்கள் அடிக்கோடு போடுவோம். அந்தப் பாடத்தில் முதல் மதிப்பெண் வாங்கிய பையனின் சட்டையில் இரண்டாவது பட்டன் இருக்கவேண்டிய இடத்தில் ஊக்குதான் குத்தியிருந்தது.

என் பக்கத்து வீட்டுப் பெண்ணும் அதே வகுப்பு. ஒரே சுவர், அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். அவள் அம்மா தையல் ஃபேக்டரிப் படியில் உருண்டு விழுந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் படுக்கையில் கிடந்தாள். அப்பா வெளியூர் பஸ் டிரைவர், வாரத்தில் இரண்டு நாள்தான் வீடு தங்குவார். சமையல், துவையல், அம்மா எல்லாம் இவள் பொறுப்பு. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடி, அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு, மூச்சு வாங்க வந்து உட்காருவாள்.

பரீட்சையில் படுக்கையிலிருக்கும் நோயாளியைப் பராமரிக்கும் முறைகளை எழுதச் சொல்லியிருந்தார்கள். விடைத்தாள் கொடுத்த அன்று மிஸ் அவளுடையதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எங்களுக்கு வாசித்துக் காட்டினார்.

“‘முதலில் கதவைச் சாத்த வேண்டும், அம்மாவுக்கு வெட்கம் உண்டு. ஒரு கையைத் தோளுக்கடியிலும் ஒரு கையை இடுப்புக்கடியிலும் கொடுத்து நம் பக்கம் இழுக்க வேண்டும், தள்ளக் கூடாது. பீத்துணியைத் தனி வாளியில் போட வேண்டும். அம்மா அழுதால் ஏன் என்று கேட்கக் கூடாது.’”

மிஸ் நிறுத்தினார். “ஏம்மா, இது விடையா, வீட்டுக் கதையா? புத்தகத்துல ஏழு குறிப்பு இருக்கு. அதுல ஒண்ணு இருக்கா இதுல?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அவள் பெயர் ‘பீத்துணி’. வைத்தவன் அந்த ஊக்குப் பையன். பரப்பியதில் எனக்கும் பங்கு உண்டு.

அவள் ஃபெயில். ஃபெயிலானவர்களுக்கு மூன்று வாரம் சாப்பாட்டு நேரத்தில் தனி வகுப்பு, அதன் பிறகு மறுதேர்வு. அவள் மிஸ்ஸின் மேசைப் பக்கம் போய் நின்றாள்.

“மிஸ், மத்தியானம் நான் வீட்டுக்குப் போகணும். அம்மாவைத் திருப்பிப் போடணும்.”

“போன வருஷம் ஒருத்தி பாட்டிக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டு சினிமாவுக்குப் போனா. அப்பாவை வந்து சொல்லச் சொல்லு.”

அப்பா வரவில்லை. “மூணு வாரம்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பாஸ் பண்ணு” என்று சொல்லிவிட்டு வண்டியெடுக்கப் போய்விட்டார்.

அவள் என்னிடம் வந்தாள். “நீ பாஸ்தானே. மத்தியானம் ஒரு எட்டு போய் அம்மாவைத் திருப்பிட்டு வந்துடுறியா? அஞ்சு நிமிஷ வேலை.”

முதல் நாள் போனேன். கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. அவள் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

“மூக்கைப் பொத்திக்கடி, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். எனக்கே நாறுது” என்று சிரித்தாள். “கையை உள்ள கொடு. இழு, தள்ளாத.”

ஈரமான, கனமான உடம்பு. இழுத்தேன். திரும்பி வந்து கையை நாலு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். சாப்பிட முடியவில்லை.

அடுத்த நாளிலிருந்து கேட்டைத் தாண்டி, மூலையிலிருந்த பேப்பர் கடையில் உட்கார்ந்து வாரப் பத்திரிகை படித்தேன். மணியடிக்கும்போது வகுப்புக்கு வந்தால் அவள் கண்ணாலேயே கேட்பாள். நான் தலையாட்டுவேன்.

அவள் அம்மா காட்டிக்கொடுப்பாள் என்று பயந்துகொண்டே இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மறந்திருப்பாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது வாரம், பள்ளிக்கூடம் போகும் வழியில் அவள் சொன்னாள், “அம்மாவுக்கு முதுகுக்குக் கீழ சிவந்து கிடக்குடி. வேளாவேளைக்குத் திருப்பியும் எப்படி?”

“வெயில் காலம், வேர்க்குரு வந்திருக்கும்” என்றேன் கூசாமல்.

மூன்றாவது வாரம் சிவப்பு கறுப்பானது, கறுப்பு வாய் பிளந்தது. மறுதேர்வு அன்று காலையில் அம்மாவுக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. “நீ எழுதிட்டு வா, நான் எங்கே ஓடிடப் போறேன்” என்று அம்மாவே அவளை அனுப்பி வைத்தாளாம்.

மாலையில் ஆம்புலன்ஸ் வந்தது. கூட என் அம்மாவும் நானும் போனோம். புண்ணைப் பார்த்த நர்ஸ் அவள் பக்கம் திரும்பிக் கத்தினாள். “யாரும்மா பார்த்துக்கிறது? நீயா? ஒரே பக்கமா இப்படியா போட்டு வைப்பாங்க? ரெண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பணும்னு உனக்கு யாரும் சொல்லித் தரலையா?”

அது புத்தகத்தில் மூன்றாவது குறிப்பு. அன்று காலையில்தான் எழுதிவிட்டு வந்திருந்தாள். அவள் வாயே திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். ஒன்பதாவது நாள் அவள் அம்மா செத்துப்போனாள். அப்பா வார்டு வாசலில் வைத்தே, எல்லாரும் பார்க்க, அவளை அறைந்தார். “பெத்தவளை அழுக விட்டுட்டியேடி!” என் அம்மாதான் குறுக்கே விழுந்து தடுத்தாள்.

அவள் பள்ளிக்கூடம் வராமலிருந்த நாளில் மறுதேர்வு மதிப்பெண்ணை வாசித்தார்கள். பத்துக்குப் பத்து. “படிச்சா வருது பார்த்தீங்களா” என்றார் மிஸ். விஷயம் அவருக்கு இன்னும் எட்டியிருக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள். கொடியில் அவள் அப்பாவின் காக்கிச் சட்டைகள் மட்டும் தொங்கின.

“ஒண்ணு கேட்கிறேன். தினமும் போனியா நீ?”

“போனேன்” என்றேன்.

அவள் வாளியை எடுத்துக்கொண்டாள்.

“அம்மாவும் அப்படித்தான் சொன்னாங்க. கடைசி நாள்கூட. பாவம், தினமும் வந்துட்டுப் போனா, அவளைக் கோவிச்சுக்காதேன்னு.”

படியிறங்கிப் போனாள். அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.